யாருக்கும் சொந்தமில்லாத கொடி

மலைக்கோட்டையை ட்ரோனில் சுற்றிவந்து எடுத்த ரீல் ஒன்று. கீழே கமெண்டுகள். ‘டி.என். 45 கெத்து’ என்று ஒருவர். ‘டி.என். 48 ப்ரசென்ட் சார்’ என்று ஸ்ரீரங்கத்துக்காரர். ‘டி.என். 49ல இருந்து லவ்’ என்று தஞ்சாவூர். ‘உறையூர் பொண்ணு, இப்ப பாரிஸ்’ என்று பிரான்ஸ் கொடியோடு ஒரு அக்கா. அதற்கும் கீழே, சிவப்புத் தரையில் நீலச் சிலுவை போட்ட ஒரு கொடி. பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: ‘எங்க தீவுல இன்னிக்குத்தான் நெட் வந்துச்சு. மொத லைக் உங்களுக்குத்தான் ப்ரோ.’

இந்த வரிசை நான் கோத்தது. ஆனால் இந்த ரகக் கமெண்டைப் பார்க்காமல் யாரும் ஒரு வாரம் போனைப் புரட்டியிருக்க முடியாது. அந்தக் கடைசி வரிக்கு ஓர் உரை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஜோக்கை விளக்கினால் செத்துப்போகும் என்பார்கள். இருக்கட்டும். காவிரிக்கு அந்தப் பக்கம் இருப்பது உரை சொல்வதையே பெருங்கலையாக வளர்த்த ஊர். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கு வைணவ ஆசாரியர் நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தார். அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படிக்கு 32 எழுத்து என்று கணக்கு. கேட்க வந்த கூட்டத்தைப் பார்த்து, இது நம்பெருமாள் கோஷ்டியா நம்பிள்ளை கோஷ்டியா என்று ஊர் வியந்ததாம். அப்படிப்பட்ட ஊருக்கு எதிர்க்கரையில், உறையூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கமெண்டுக்கு நாலு பக்கம் உரை சொன்னால் தப்பில்லை.

முதல் பார்வைக்கு அது நார்வே கொடி. ஆஸ்லோவில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாரோ என்று நினைத்துக் கடந்துபோவோம். ‘தீவு’ என்ற சொல்தான் உறுத்தும். கொடியை நகலெடுத்துத் தேடினால் வேறு பெயர் வருகிறது: பூவெட் தீவு. தென் அட்லாண்டிக்கில், அண்டார்டிகாவுக்கு வடக்கே, தன்னந்தனியாகக் கிடக்கிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பனிக்கட்டி. நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் அதற்கும் நார்வே கொடிதான். மனிதக் குடியிருப்பு கிடையாது. அப்படியானால் ‘மொத லைக்’ போட்டது யார்? பென்குவினா, கடல்நாயா?

ஆக மூன்று அடுக்கு. கண்ணுக்குத் தெரிவது ஒரு நாடு. தேடினால் கிடைப்பது வேறொரு தீவு. இன்னும் கொஞ்சம் படித்தால் அந்தத் தீவில் ஆளே இல்லை. எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்ட கமெண்ட்தான். ஆனாலும் தேடிப் பார்க்கிற நாலு பேருக்கு மட்டுமே அது சிரிப்பு மூட்டும். மற்றவர்கள் நார்வேக்காரர் என்று நம்பி, ‘வாங்க ப்ரோ, எப்படி இருக்கீங்க’ என்று பதில் போடுவார்கள். போட்டவருக்கு அதில் கூடுதல் மகிழ்ச்சி.

இந்தக் குசும்புக்கு இடம் கொடுத்தது ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு. அதற்குப் பின்னால் ஒரு தயக்கம் இருந்தது. ஜப்பானியக் கைபேசி நிறுவனங்களின் இமோஜிகளில் பத்து நாட்டுக் கொடிகள்தான் இருந்தன: ஜப்பான், அமெரிக்கா, சீனா, தென்கொரியா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் ஒதுக்கும் யூனிகோட் அமைப்பு அவற்றை ஏற்க வேண்டி வந்தபோது, பத்துப் பேருக்கு மட்டும் கொடி கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எது நாடு, எது நாடில்லை என்ற பஞ்சாயத்தில் யூனிகோட் உட்கார விரும்பவில்லை. 2010 அக்டோபரில் வந்த 6.0 பதிப்பில் கொடி எதையும் வைக்காமல் 26 எழுத்துகளை மட்டும் வைத்தார்கள். அந்த எழுத்துகளில் இரண்டைச் சேர்த்தால், ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் பட்டியலில் அந்த ஈரெழுத்து எந்த நிலப்பரப்பைக் குறிக்கிறதோ அதன் கொடியை போன் நிறுவனம் காட்டிக்கொள்ளலாம். ‘ஐ’யும் ‘என்’னும் சேர்ந்தால் இந்தியா. ‘பி’யும் ‘வி’யும் சேர்ந்தால் பூவெட்.

ஐ.எஸ்.ஓ. பட்டியல் தபாலுக்கும் சுங்கத்துக்கும் வங்கிக்கும் உதவும் பட்டியல். அதில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். அதனால் ஐ.நா. உறுப்பு நாடுகள் 193தான் என்றாலும் கொடி இமோஜிகள் 250க்கும் மேல். அந்த உபரியில் பெரும்பாலானவை தீவுகள், சார்புப் பகுதிகள், பனிப்பாறைகள், ராணுவத் தளங்கள். எண்ணிக்கையில் இமோஜிகளின் மிகப் பெரிய குடும்பம் கொடிகள்தான், மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான் என்று யூனிகோட்டே சொல்லியிருக்கிறது. புதிய கொடி வேண்டும் என்று வரும் விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை என்று 2022 மார்ச்சில் அறிவித்தும் விட்டது. யாரும் தொடாமல் கிடந்த அந்தக் குவியலைக் கிளறி எடுத்தவர்கள் இளவட்டங்கள்.

படத்துக்குப் பின்னால் இரண்டு எழுத்துதான் என்பதால் நம்மூருக்கென்றே ஒரு தனி வேடிக்கை கிடைக்கிறது. இனிஷியலில் பேசிப் பழகிய ஊர் இது. ‘டி’யும் ‘என்’னும் சேர்ந்தால் தமிழ்நாடு என்று நாம் நினைப்போம், போன் துனிசியா கொடியைக் காட்டும். அதன் பக்கத்தில் 45 என்று போட்டால் திருச்சி வண்டி வட ஆப்பிரிக்காவில் ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸ் கணினிகள் கொடி இமோஜிகளைப் படமாகக் காட்டுவதில்லை, வெறும் எழுத்தாகவே காட்டுகின்றன. ஆகவே ஒரே கமெண்ட் பையன் கையிலுள்ள போனில் துனிசியாவாகவும், ஆபீஸ் கணினியில் பார்க்கும் அவன் மாமாவுக்கு டி.என். 45 ஆகவும் தெரியும். மாமா பார்ப்பதுதான் சரி என்று படுவது இந்த ஒரு கொடியில் மட்டும்தான்.

இந்த வழியில் போனால் முடிவே இல்லை. சி.எம். என்று சேர்த்தால் கேமரூன். பி.எம். என்றால் கனடாவுக்குப் பக்கத்தில் பிரான்ஸ் வைத்திருக்கும் சென் பியர் மிக்குலோன். எம்.பி. என்றால் வட மரியானா தீவுகள். கமல்ஹாசன் ரசிகர்கள் படத்துக்குப் படம் எண் போட்டு எழுதும் கே.ஹெச். கம்போடியா, கொடியில் அங்கோர்வாட் கோபுரங்கள் தெரியும். எஸ்.கே. ஸ்லோவாக்கியா. ஏ.ஆர். அர்ஜென்டினா. லோகேஷ் கனகராஜின் எல்.கே. இலங்கை. எஸ்.ஜே. சூர்யாவின் எஸ்.ஜே. என்றால் ஸ்வால்பார்டும் யான் மாயனும். அவையும் நார்வேயுடையவை, அங்கேயும் அதே சிவப்பு நீலக் கொடிதான். அஜித்தின் ஏ.கே.வுக்குத்தான் நாடு கிடைக்கவில்லை. சேர்த்தால் இரண்டு எழுத்தும் தனித்தனியே நிற்கும்.

இனி, இந்தக் குசும்பு யாரைக் கலாய்க்கிறது என்று பார்க்க வேண்டும். யூடியூபில் ஏதாவது இளையராஜா பாட்டுக்குக் கீழே போய்ப் பாருங்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா, சுவிட்சர்லாந்து, நார்வே என்று கொடிகள் வரிசை கட்டி நிற்கும். ‘நான் மலேசியத் தமிழன், ராஜா சாரின் ரசிகன்’ என்பது போன்ற வரிகள். அதில் கேலி துளியும் கிடையாது. பினாங்கில் தோட்டத் தொழிலாளியின் பேரனாகப் பிறந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு டொரான்டோவில் குடியேறியவர், தானும் இந்தப் பாட்டைக் கேட்கிறேன் என்று கை தூக்குவது அது. சிதறிப்போன ஒரு மொழிக்கூட்டம் எடுக்கும் வருகைப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டில்தான் திடீரென்று ஒருவர் அண்டார்டிகா கொடியோடு வந்து, ‘இங்க யாராவது அண்டார்டிகா ஃபேன்ஸ் இருக்கீங்களா?’ என்று கேட்பார். நானூறு லைக் விழும். இது புலம்பெயர்ந்தவர்களைக் கேலி செய்கிறதா? பெரும்பாலும் இல்லை. எங்கே போனாலும் தன் வட்டாரத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும், எந்த வீடியோவிலும் ‘நம்ம ஆளு’ என்று உரிமை கொண்டாட வேண்டும் என்ற தவிப்பை அது கேலி செய்கிறது. ‘டி.என். 45 கெத்து’ என்பவருக்கும் ‘பூவெட் தீவு கெத்து’ என்பவருக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

வெளியுலகத்திலும் இதே தொழில் நடக்கிறது. இணையப் பேச்சில் ‘சாட்’ என்றால் அலட்டாமல் ஜெயிக்கிற ஆம்பளை. சாட் நாட்டின் கொடியைப் போட்டால் அதே பொருள். ஆப்பிரிக்காவின் சாட் கொடியும் ஐரோப்பாவின் ருமேனியா கொடியும் ஏறத்தாழ ஒன்று என்பதால் மேற்கொண்டு ஒரு குழப்பமும் இலவசம். அமெரிக்கப் பெருமை பேசும் வரிக்குப் பின்னால் அமெரிக்கக் கொடிக்குப் பதில் லைபீரியா கொடியையோ மலேசியா கொடியையோ ஒட்டுவதும் பிரபலம். கோடுகள் அப்படியே இருக்கும், மார்தட்டல் மட்டும் சறுக்கி விழும். நம் மூவர்ணத்துக்கு அப்படியொரு ஜோடி நைஜர்: ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, நடுவில் சக்கரத்துக்குப் பதில் ஆரஞ்சு வட்டம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தவறிப் போட்ட கொடிக்கும் குசும்பாகப் போட்ட கொடிக்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது. 2019 மே மாதம் வாக்களித்த கையோடு தொழிலதிபர் ராபர்ட் வதேரா போட்ட ட்விட்டர் பதிவில் இந்தியக் கொடிக்குப் பதில் பராகுவே கொடி வந்து விழுந்தது. நாள் முழுக்கக் கலாய்த்தார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் அதையே போட்டிருந்தால் ‘செம’ என்றிருப்பார்கள். போடுபவருக்கு அந்த நாட்டின் பெயர் தெரியும் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் இந்த நகைச்சுவையின் முதல். அது வதேராவுக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது எங்கும் பொருந்தும். தமிழ்நாட்டில், அதிலும் சோழனின் பழைய தலைநகரில், இதற்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. இங்கே கொடி என்றால் உரிமைகோரல். உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. கோயில் வாசலில் ஒரு கொடி, நங்கூரமிட்ட கப்பல்களின் பாய்மரத்தில் கொடி, கள்ளுக்கடைக்கு ஒரு கொடி, வாதத்துக்கு வாருங்கள் என்று அறிஞர்கள் அறைகூவி ஏற்றிய கொடி. அந்தக் கடைசிக் கொடியை இன்றைய கமெண்ட் பெட்டியின் தாத்தா என்று சொல்லலாம். பல நூற்றாண்டு கழித்து, ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. அதன் எதிரே பாண்டியனின் மீன்கள் இரண்டு, கூடவே சேரனின் வில். அடுத்தவன் சின்னத்தைத் தன் முத்திரையில் வைத்துக்கொள்வது அன்றைய பாணியில் ஜெயித்தவன் அடித்த நக்கல். இன்றும் இன்ஸ்டா பயோவில் புலி, மீன், வில் இமோஜிகளை வரிசையாக வைத்திருப்பவர்கள் ஏராளம். மூன்று மன்னர்களும் அங்கேதான் சண்டையில்லாமல் இருக்கிறார்கள்.

தெருவுக்கு வந்தால் ஒவ்வொரு முக்கிலும் கட்சிக் கொடிக்கம்பம். பொது இடங்களிலுள்ள கம்பங்களை 12 வாரங்களுக்குள் அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட வேண்டிய அளவுக்கு அவை பெருகியிருந்தன. போனுக்குள்ளும் நிலைமை வேறில்லை. கறுப்பு இதயமும் சிவப்பு இதயமும் சேர்த்துப் போட்டால் எந்தக் கட்சி என்று குழந்தைக்கும் தெரியும். அதைவிட மோசம், சாதிக்கொரு நிறச் சேர்க்கை. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரைத்தது. அதே நிறங்கள் இதய இமோஜிகளாகப் பயோவில் உட்கார்ந்திருக்கின்றன. கயிற்றை வாத்தியார் அவிழ்க்கச் சொல்லலாம், இதயத்தை யார் அவிழ்ப்பது? தெரியாத்தனமாக இரண்டு நிற இதயம் போட்ட ஒரு பெண்ணிடம், ‘நீங்க எங்க ஆளுங்களா?’ என்று இன்பாக்ஸில் வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நெரிசலில் நின்று பார்த்தால் பூவெட் தீவின் கொடி ஏன் இனிக்கிறது என்று விளங்கும். அதற்கு வட்டச் செயலாளர் கிடையாது. சாதிச் சங்கம் கிடையாது. ரசிகர் மன்றம் கிடையாது. அதைப் போட்டவரை எந்தக் கூட்டத்திலும் சேர்க்க முடியாது. கொடியே பிடிக்காமல் இருந்தால் ‘இவன் எந்தப் பக்கம்’ என்று துருவுவார்கள். யாருக்கும் தெரியாத கொடியைப் பிடித்தால் அந்தக் கேள்வியே முட்டாள்தனமாகிவிடும். அர்த்தமில்லாமல் விளையாடுகிறார்கள் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதற்கு என் பதில் இதுதான்: அர்த்தம் வழிந்தோடும் ஊரில், அர்த்தமில்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கொடியும் கேலியும் கட்சியும் ஒன்றாக முட்டிய தருணம் ஒன்றும் உண்டு. 2024 ஆகஸ்ட் 22 அன்று பனையூரில் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தின் கொடியை ஏற்றினார். மேலும் கீழும் சிவப்பு, நடுவில் மஞ்சள், அதில் வாகைப்பூ, இருபுறமும் யானைகள். பூவையும் யானைகளையும் எடுத்துவிட்டால் ஸ்பெயின் மாதிரி இருக்கிறதே என்ற கிண்டல் அன்றே கிளம்பியது. ஸ்பெயின் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மீம்களுக்கு அதுவும் தோது. யானை எங்கள் சின்னம் என்று பகுஜன் சமாஜ் கட்சி ஆட்சேபித்தது வேறு கதை. கவனிக்க வேண்டியது ஸ்பெயின் கொடிக்கு நேர்ந்ததை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாட்டின் கொடி ஒரே நாளில் தமிழ்நாட்டு அரசியலுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழ்க் கமெண்டில் அதைப் போட்டால் கால்பந்தா, கட்சியா, கேலியா என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார். கட்சிக்காரரே அதை எடுத்துப் போட்டால் கேலிக்குப் பல் போய்விடும். 2025 செப்டம்பர் 13 அன்று திருச்சி மரக்கடையில் விஜய் பிரசாரப் பயணத்தைத் தொடங்கிய நாளில் துணிக்கொடிகள் தெருவை நிறைத்தன. அந்தக் கொடிக்குப் பொருள் ஒன்றுதான். அதன் சாயலில் இருக்கும் இமோஜிக்குப் பொருள் ஆளுக்கு ஒன்று.

ஆக, யாருக்கும் சொந்தமில்லாத கொடி என்பது நிரந்தரமான நிலை கிடையாது. இன்று அனாதையாகக் கிடக்கும் கொடிக்கு நாளைக்கே சொந்தக்காரர் வரலாம். ஏற்கெனவே சொந்தக்காரர் இருப்பது நமக்குத் தெரியாமலும் போகலாம். குசும்புக்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு கொடி ‘ஐ’யும் ‘ஓ’வும் சேர்ந்து வருவது. வெள்ளையும் நீலமுமாக அலைகள், ஒரு பனைமரம், ஒரு கிரீடம், மூலையில் பிரிட்டன் கொடி. பார்த்தாலே சிரிப்பு வரும், ஏதோ ரிசார்ட் விளம்பரம் போல. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி என்பது அதன் பெயர். பெரிய தீவு டியேகோ கார்சியா. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த சாகோஸ் மக்களை 1968க்கும் 1973க்கும் இடையில் அப்புறப்படுத்தினார்கள். அதனால்தான் அது ‘ஆளில்லாத’ தீவு.

2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் பலர் இருந்த படகு ஒன்று நடுக்கடலில் தத்தளித்து அந்தத் தீவில் போய்ச் சேர்ந்தது. அடைக்கலம் கேட்ட அவர்களை வேலி போட்ட முகாமில் கூடாரங்களில் வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார்கள். அந்த மூன்று ஆண்டும் பனைமரக் கொடி கமெண்டுகளில் ஜோக்காக ஓடிக்கொண்டிருந்தது. போட்டவர்கள் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, அவர்களுக்குத் தெரியாது என்பதே உண்மை. ஆனால் திருச்சியிலேயே கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதே மலைக்கோட்டை ரீல்களைத்தான் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்தப் பனைமரம் கூடார முகாமாகத் தெரிந்தால், ‘சும்மா ஜாலிக்கு’ என்ற பதில் போதாது.

அதற்காக இந்த விளையாட்டைக் கைவிடச் சொல்ல மாட்டேன். எந்தக் கொடிக்கும் கீழே நிற்காமல் நாலு பேரோடு சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. உறையூர்ப் பையனுக்கு இன்று அந்த இடத்தைத் தருவது பூவெட்டும் துனிசியாவும்தான். ஆனால் பார்ப்பவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்பதுதானே இந்த ஜோக்கின் விதி? அந்த விதி போடுபவருக்கும் உண்டு. கொடியைத் தட்டுவதற்கு முன் அங்கே யார் இருக்கிறார்கள், யார் இருந்தார்கள் என்று அரை நிமிடம் தேடிப் பார்த்துவிடலாம். பென்குவின் மட்டும்தான் என்று உறுதியானால் தாராளமாகப் போடலாம்.